ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகள்

மலையில் ஓடுகிற ஜீப்புக்குப் பேட்டரி வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற யோசனை ஒன்றுதான்: "இருக்கறதுலயே பெரிய ஏஎச்சா பாத்துப் போட்டுருங்க, கவலையே இல்ல." ஏஎச் என்பது ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு. கடைக்காரர் சொல்கிறார், மெக்கானிக் சொல்கிறார், டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரும் சொல்கிறார். இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்லும்போது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். எனக்கு அது ஒப்பவில்லை. காரணம் என் மச்சினன் வீட்டு இரண்டு ஜீப்புகள்.

மச்சினன் சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறான். விடியலுக்கு முன்னால் கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போய், சூரிய உதயம் காட்டி, இறக்கிக் கூட்டி வருகிற வேலை. அந்தப் பாதையில் போனவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் ரோடு முடிந்துவிடும். அப்புறம் உருட்டுக்கல்லும் பள்ளமும்தான். மேலே போய்ச் சேரும் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஜீப் ஏறுகிற வழி கேரளப் பக்கம் மட்டும்தான். பின்சீட்டில் கம்பியைப் பிடித்தபடி போகிறவர் ஒரு தடவை போய் வந்து இடுப்பு வலி என்று படுத்துக்கொள்ளலாம். பானெட்டுக்குள் இருக்கிற பேட்டரி தினமும் போய் வருகிறது.

இரண்டும் பழைய மஹிந்திரா டீசல் வண்டிகள். இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கம்பெனியின் ஒரே மாடல் பேட்டரி வாங்கிப் போட்டான். ஒன்று முதல் மழைக்காலம் தாண்டியதுமே படுத்துவிட்டது. இன்னொன்று மூன்றாவது வருஷத்திலும் அதிகாலைக் குளிரில் சாவியைத் திருப்பிய உடனே செல்ஃப் எடுக்கிறது. "ஒண்ணு நல்ல பீஸு, ஒண்ணு மட்டமான பீஸு. நம்ம நேரம் மச்சான்" என்று அவன் விட்டுவிட்டான். என்னால் விட முடியவில்லை. ஏஎச் ஒன்று, வாரண்டி ஒன்று, தயாரித்த மாதம்கூட ஒன்று. நாம் பேட்டரி வாங்கும்போது கேட்கிற எல்லாக் கேள்விக்கும் இரண்டுக்கும் ஒரே பதில்தான். அப்படியானால் நாம் கேட்காத ஏதோ ஒன்றில்தான் விஷயம் இருக்க வேண்டும்.

வாரண்டிக்குப் போனோம். கடையில் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, கம்பெனி ஆளிடம் அனுப்பினார்கள். அவர் மஞ்சள் போர்டைப் பார்த்தார், பேட்டரி உட்கார்ந்திருந்த தட்டைப் பார்த்தார். வாடகை வண்டிக்கு வாரண்டிக் காலம் வேறு, பேட்டரியைச் சரியாகப் பொருத்தவும் இல்லை, அதனால் மாற்றித் தர முடியாது என்றார். அவர் சொன்ன இரண்டாவது காரணத்தில் உண்மை இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் என் ஆதங்கம் இன்னும் தீரவில்லை. விற்ற அன்று அதே வண்டி அதே கடை வாசலில்தான் நின்றது, அதே தட்டில்தான் கடைப் பையன் பேட்டரியைத் தூக்கி வைத்தான். அன்றைக்கு ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. பார்த்து, "இந்தக் கிளாம்பு ஆகாது, மாத்திட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேட்டரி பிழைத்திருக்கும்.

போடியில் அறுத்துப் பார்த்தது

போடியில் பழைய பேட்டரிக் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். பேட்டரியைத் திறந்து பிளேட் மாற்றிக் கட்டிக் கொடுத்த காலத்திலிருந்து இதே தொழில். இப்போது அந்த வேலை யாரும் செய்வதில்லை. புதுசு விற்பது, சார்ஜ் போடுவது, பழசை எடைக்கு எடுப்பது, அவ்வளவுதான். செத்த பேட்டரியை எடைக்குப் போடத்தான் கொண்டுபோனோம். "ஏன் செத்துச்சுன்னு தெரியணும்ணே" என்று நான் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ரொம்ப நாளாக யாரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

முதலில் மீட்டர் வைத்தார். பத்தரை வோல்ட். "ஒரு செல்லு காலி தம்பி" என்றார். கணக்கு எளிது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்பது உள்ளே ஆறு செல்; ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜில் 12.6க்கு மேல் காட்டும். ஒரு செல் செத்தால் பத்தரைதான் நிற்கும். பிறகு மூடிகளைக் கழற்றி, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லின் ஆசிட்டையும் உறிஞ்சிப் பார்த்தார். ஐந்து செல்லில் மிதவை கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றது. ஆறாவதில் அடிக்கே போய்விட்டது. ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் அடர்த்தி 0.050 வித்தியாசம் வந்தாலே அந்தச் செல்லைச் சந்தேகப்பட வேண்டும். இங்கே அதற்கும் மேல். எல்லா செல்லும் சேர்ந்து இறங்கியிருந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம், வயதாகிவிட்டது என்றும் சொல்லலாம். ஒன்று மட்டும் போயிருந்தால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கிறது.

ஆசிட்டைத் தொட்டியில் வடித்து, கையுறை போட்டுக்கொண்டு, ஹாக்ஸா பிளேடால் மேல்மூடியைச் சுற்றி அறுத்தார். யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாத வேலை. அந்த ஆறாவது செல்லை இடுக்கியால் பிடித்து மேலே தூக்கினார். பிளேட்டுகளை உறை போட்ட மாதிரி மூடியிருந்த பிளாஸ்டிக் பைகளில் ஒன்றைக் கிழித்துக் கவிழ்த்தார். அடியிலிருந்து சாக்லேட் நிறத்தில் குழைந்த சேறு தொட்டி ஓரத்தில் கொழகொழவென்று விழுந்தது. பிளேட்டைத் தூக்கிக் காட்டினார். ஈயச் சட்டம் இருக்கிறது, அதன் கட்டங்களுக்குள் இருக்க வேண்டிய பசை பாதி இடத்தில் இல்லை. வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிகிறது. மேலே பிளேட்டுகளை ஒன்றாக இணைக்கிற ஈயப் பட்டையில் முடி மாதிரி ஒரு விரிசல். விரலால் அழுத்தினார், ஒரு பிளேட்டின் காது தனியாக வந்துவிட்டது.

"இது வயசாகிச் சாகல. குலுங்கிச் செத்துருக்கு" என்றார்.

அதுவரை நான் பேட்டரியை மின்சாரம் நிரப்பி வைக்கிற பெட்டியாகத்தான் நினைத்திருந்தேன். அன்றுதான் அது உள்ளே ஈயமும் பசையும் நூலிழை இடைவெளியில் அடுக்கி வைத்த, ஆடினால் உதிர்கிற ஒரு கட்டுமானம் என்று கண்ணால் பார்த்தேன். பாசிட்டிவ் பிளேட்டில் இருப்பது ஈய டை ஆக்சைடு, பழுப்பு நிறம். அது சுவரில் பூசிய சாந்து போலத்தான் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை சார்ஜ் இறங்கி ஏறும்போதும் அது உப்பிச் சுருங்குகிறது, கொஞ்சம் தளர்கிறது. நல்ல ரோட்டில் அது வருஷக்கணக்கில் மெல்ல உதிரும். கொழுக்குமலைப் பாதையில் ஒவ்வொரு கல்லுக்கும் உதிரும். 1859ல் காஸ்டன் பிளான்டே ஈயத் தகடுகளை ஆசிட்டில் வைத்து, மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1881ல் காமில் ஃபோர் தகட்டில் பசை பூசும் முறையைக் கொண்டுவந்தார். கொள்ளளவு கூடியது அந்தப் பசையால்தான். இன்றைக்கும் உதிர்வது அதே பசைதான்.

மற்ற ஜீப் வெளியே நின்றிருந்தது. பெரியவர் பானெட்டைத் தூக்கச் சொன்னார். பழைய உரிமையாளர் செய்து வைத்த ஏற்பாடு அதில் இருந்தது: தட்டின் மேல் தடித்த ரப்பர் துண்டு, அதன் மேல் பேட்டரி, மேலே ஆங்கிள் இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் கொக்கிப் போல்ட் போட்டு முறுக்கியது. பெரியவர் பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ஜீப் ஆடியது, பேட்டரி ஆடவில்லை. செத்த பேட்டரி இருந்த வண்டியில் கிளாம்பு துருப்பிடித்துப் போய் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். டியூப் இழுபடும். ஒவ்வொரு பள்ளத்திலும் பேட்டரி தட்டை விட்டு எழும்பி மறுபடி உட்கார்ந்திருக்கிறது. தட்டின் மூலையில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்ததைப் பிறகுதான் கவனித்தோம்.

ஏஎச் என்கிற எண்

இதற்குப் பிறகு "பெரிய ஏஎச் போடு" என்ற யோசனை எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. 65 ஏஎச் என்றால் 20 மணி நேரத்துக்கு 3.25 ஆம்பியர் கொடுக்கும் என்று அர்த்தம். அது கொள்ளளவு மட்டுமே. உள்ளே எவ்வளவு கெட்டியாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அதைவிட முக்கியம், அதே அளவுப் பெட்டிக்குள் அதிகத் திறன் வேண்டும் என்றால் கம்பெனி அதிகப் பிளேட்டுகளை வைத்தாக வேண்டும். அதிகப் பிளேட் வைக்க அவற்றை மெலிதாக்க வேண்டும். செல்ஃப் வேகமாகச் சுற்றும், உண்மைதான். ஆனால் குலுக்கலைத் தாங்குவதற்கு மெலிந்த பிளேட் உதவாது. பெட்டியே பெரிதாக இருந்தால் எடை கூடும். இருபது கிலோவுக்கு மேல் உள்ள ஒன்றை, சின்ன பேட்டரிக்காகச் செய்த தட்டில் வைத்து அரைகுறையாகக் கட்டினால் ஒவ்வொரு கல்லிலும் அது தன் எடையாலேயே அடிபடும்.

பேட்டரி மேல் இருக்கிற எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். 55டி23எல் என்று போட்டிருந்தால், முதல் எண் திறன், டி என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகை, 23 என்பது நீளம் சென்டிமீட்டரில், எல் என்பது டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. உங்கள் தட்டுக்கும் கிளாம்புக்கும் பொருந்துகிற டியும் 23ம் முதலில் சரியாக இருக்க வேண்டும். திறன் அதற்குப் பிறகு. கடையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: திறனைப் பார்த்து வாங்கிவிட்டு, தட்டில் எப்படியாவது உட்கார வைக்கிறோம்.

ஐரோப்பிய பேட்டரி தர அளவையில் குலுக்கல் தாங்கும் திறனுக்கென்றே வி1 முதல் வி4 வரை தனி வகைகள் உண்டு. நம் ஊர்க் கடையில் அந்த எழுத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது: பிளேட்டுகளை அடியில் ஒட்டுப்பசை ஊற்றி ஒட்டியிருக்கிறார்களா, பிளேட்டுக்குக் கண்ணாடி நார் விரிப்பு இருக்கிறதா? டிராக்டருக்கும் லாரிக்கும் செய்கிற பேட்டரிகளில் இந்த வேலைகளைச் செய்வது வழக்கம். மலைப் பக்க டிரைவர்கள் சிலர் தேடித் தேடி டிராக்டர் பேட்டரி போடுவதை முன்பெல்லாம் விலைக்காக என்று நினைத்தேன். அதில் நியாயம் இருக்கிறது, தட்டில் உட்காரும் என்றால்.

ஷெட்டில் சாகிறவை

குலுக்கல் ஒரு பாதி. இன்னொரு பாதியைப் பெரியவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மலை ஏறும்போது வண்டி முதல் கியரில் ஊர்கிறது. என்ஜின் சுற்று குறைவு, அதனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் கொடுப்பதும் குறைவு. இருட்டில் போவதால் ஹெட்லைட் மட்டுமே பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மேலே போய் என்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு சூரியனுக்குக் காத்திருப்பார்கள். இறங்கும்போதும் அதே ஊர்தல். பேட்டரி ஒரு நாளும் முழுசாக நிரம்புவதில்லை. மழைக்காலத்தில் ஆள் வரத்துக் குறைந்ததும் அந்த அரைகுறை சார்ஜோடு ஷெட்டில் நிற்கும். அப்போதுதான் பிளேட்டில் படியும் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாமல் நிற்கும்.

வார இறுதியில் மட்டும் காட்டுப் பாதைக்குப் போகிற புது வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். புது வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் கம்ப்யூட்டர், லாக், அலாரம் என்று எதுவாவது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஏஎச், ஒரு மாதத்தில் 36. உங்களுடையது 65 ஏஎச் என்றால் ஒரு மாதம் சும்மா நிறுத்தியதிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. டேஷ்கேமரா, ஜிபிஎஸ் மாட்டியிருந்தால் இன்னும் வேகம். பெரிய பேட்டரி போட்டால் இந்தக் கணக்கு சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிற ஒரு நல்ல ஸ்மார்ட் சார்ஜரை ஷெட்டில் மாட்டிவிடுவது, ஏஎச்சில் போடுகிற கூடுதல் காசைவிட எவ்வளவோ மேல். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியில் மீட்டர் 12.4 காட்டினால் முக்கால்வாசி, 12.2 காட்டினால் பாதி. 12.4க்குக் கீழே போக விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடையில் புதுசாக நிற்பதும் இதே விதிக்கு உட்பட்டதுதான். ஆறேழு மாதம் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி சீல் பிரிக்காததாக இருந்தாலும் புதுசு அல்ல. தயாரித்த மாதத்தைப் பாருங்கள், மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.5க்குக் கீழே இருந்தால் வேறு கேளுங்கள். தள்ளுபடி அதிகமாகக் கொடுக்கும் இடத்தில் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஏஜிஎம்மா, லித்தியமா

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் மஹிந்திரா தார் வண்டி வைத்திருக்கிறார். சிக்கிய வண்டியை மோட்டாரால் கயிறு சுற்றி இழுக்கிற வின்ச் முன்னால் மாட்டியாயிற்று, லடாக் போகிறார். என் ஜீப் புராணம் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஏஜிஎம் போடறதா, லித்தியம் போடறதா?" என்றார். மச்சினனுக்கும் அவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

ஏஜிஎம்மில் ஆசிட் தளும்புவதில்லை. பிளேட்டுகளுக்கு நடுவே கண்ணாடி நார் மெத்தையை அழுத்தித் திணித்து, ஆசிட்டை அது உறிஞ்சி வைத்திருக்கும். அந்த அழுத்தமே பசையை உதிர விடாமல் பிடித்துக்கொள்கிறது. வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் ஒழுகாது. குலுக்கலுக்கு இதைவிட நல்ல பதில் ஈய பேட்டரியில் இல்லை. வின்ச் முழு இழுவையில் 400 ஆம்பியர் வரை கேட்கும். எந்த ஆல்டர்னேட்டரும் அதைக் கொடுக்காது, பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஏஜிஎம்முக்கு அந்தத் திராணி உண்டு. ஆகவே அவருக்கு ஏஜிஎம் என்றேன். ஆனால் சூடு அதற்கு ஆகாது, அதிகச் சார்ஜும் ஆகாது. உள்ளே தண்ணீர் குறைந்தால் ஊற்ற மூடி கிடையாது. மச்சினனின் பழைய ஜீப்பில் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் என்றைக்கு 15 வோல்ட்டைத் தாண்டும் என்று சொல்ல முடியாது. அங்கே ஏஜிஎம் போட்டால் ஒரு வெயில்காலத்திலேயே காய்ந்துவிடும். மூடி போட்ட சாதா பேட்டரி, மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர், இதுதான் அந்த வண்டிக்கு ஏற்றது. போர்த் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் மட்டும் ஆகவே ஆகாது. அதில் இருக்கிற உப்பு பிளேட்டை அரித்துவிடும்.

லித்தியம் எடை குறைவு, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதில் சார்ஜ் ஏற்றக் கூடாது. நல்லதாக இருந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் தானாகவே தடுத்துவிடும். லடாக்கின் ராத்திரியில் பானெட்டுக்குள் அதை நம்பி செல்ஃப் அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டிக்குள் ஃபிரிட்ஜுக்கும் லைட்டுக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி வைப்பதானால், இடையில் வண்டி மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றித் தருகிற டிசி டு டிசி சார்ஜர் போட்டு லித்தியம் தாராளமாக வைக்கலாம்.

அவருக்கு மட்டும் சிசிஏ என்கிற எண்ணைப் பார்க்கச் சொன்னேன். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல், எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதே அந்த எண். தேனியிலும் மதுரையிலும் அதைப் பார்த்து வாங்குவது வீண். இங்கே பேட்டரியைக் கொல்வது வெயில். லடாக் குளிரில் பேட்டரியின் பலம் பாதிக்கும் கீழே இறங்கும், என்ஜின் ஆயிலும் கெட்டியாகி செல்ஃப் மோட்டாரை இழுக்கும். சார்ஜ் முழுசாக இருந்தால் ஆசிட் உறையாது. இறங்கிப்போன பேட்டரியின் ஆசிட் மைனஸ் 7 அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். ராத்திரி நிறுத்தும் முன் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் விடுவதால் ஒன்றும் நிரம்பாது, ஓட்டித்தான் ஏற்ற வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் வண்டியைப் பார்த்தேன். நல்ல ஏஜிஎம். வின்ச்சின் எர்த் வயரை நெகட்டிவ் டெர்மினலிலேயே நேராக மாட்டியிருந்தார்கள். அந்த டெர்மினலில், பேட்டரியிலிருந்து போகிற மின்சாரத்தை அளக்கும் பேட்டரி சென்சார் உட்கார்ந்திருந்தது. இப்படி மாட்டினால் வின்ச் எவ்வளவு இழுத்தாலும் வண்டியின் கணக்கில் வராது. எர்த்தை சென்சாருக்கு அந்தப் பக்கம், சேஸிஸில் மாட்ட வேண்டும். அதை மாற்றச் சொன்னேன். பிறகு கிளாம்பைப் பிடித்து உலுக்கினேன். விரல் அளவு ஆடியது. பழைய பேட்டரி இதைவிடச் சற்று உயரம், கொக்கிப் போல்ட்டின் மரை கடைசி வரை இறங்கியும் பிடிமானம் வரவில்லை. அடியில் வைக்க ரப்பர் துண்டும், குட்டையான கொக்கிப் போல்ட் இரண்டும் வாங்கி மாற்றச் சொல்லி, அன்றைக்கே மாற்றினார்கள். முதல் நூறு கிலோமீட்டர் கல்லுப் பாதை முடிந்ததும் ஒருமுறை இறங்கி முறுக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். புது ரப்பர் அமுங்கியதும் நட்டு தளரும்.